மேல்பல் முன்தள்ளல், குறுக்குக் கடி: இப்போதே தொடங்குவதா, காத்திருப்பதா?

கேள்வி: செங்காந்தள்

அனைவருக்கும் வணக்கம். என் இரு குழந்தைகளின் பல்வரிசை குறித்து ஒரு முடிவுக்கு வர முடியாமல் இருக்கிறேன். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மூத்தவளுக்கு 11 வயது. மேல் முன்பற்கள் நன்றாக வெளியே தள்ளியிருக்கின்றன. உதடுகளை முயன்றுதான் மூடுகிறாள். தன்னை மறந்து படித்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய கீழுதடு மேல்பற்களுக்குப் பின்னால் போய் மடிந்து உட்கார்ந்துகொள்வதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தில், கீழ்ப்பற்களின் விளிம்பு பதிந்த சிறு தடங்கள் தெரிகின்றன.

முதலில் பார்த்த பல் சீரமைப்பு மருத்துவர், மேல் கீழ் முன்பற்களுக்கு இடையே 8 மி.மீ. இடைவெளி இருப்பதாக அளந்து சொன்னார். கீழ்த்தாடை பின்தங்கியிருக்கிறது, அதை முன்னே கொண்டுவரும் கழற்றி மாட்டும் சாதனத்தை இப்போதே தொடங்க வேண்டும், அதன் பிறகு கிளிப் போடலாம் என்பது அவருடைய கருத்து. இரண்டாவதாகப் பார்த்தவர், நிலைப்பற்கள் எல்லாம் முளைத்து முடியும் வரை காத்திருந்து, மேலே இரண்டு முன்கடைவாய்ப்பற்களை எடுத்துவிட்டு ஒரே முறையில் கிளிப் போட்டு முடித்துவிடலாம் என்கிறார். இருவருமே இத்துறையில் மேற்படிப்பு முடித்தவர்கள்; இருவருமே பொறுமையாகத்தான் விளக்கினார்கள். ஆனாலும் ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதற்கு நேர் எதிராக எனக்குப் படுகிறது.

இளையவனுக்கு 7 வயது. வாயை மூடும்போது அவனுடைய முகவாய் சற்று இடப்பக்கமாக நகர்கிறது. அந்தப் பக்கத்தில் மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாக அமர்கின்றன. பால்பற்கள் எப்படியும் விழுந்துவிடும், அதற்குள் எதற்கு அவசரம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

இந்தக் குறைகளை மருத்துவர்கள் எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள், சிகிச்சை உண்மையில் எதை மாற்றுகிறது, ஒரே வாயைப் பார்த்த இருவர் இவ்வளவு வேறுபட்ட கருத்துகளைச் சொல்வது ஏன் என்பதைத்தான் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி: வேர்நிலம் (பல் சீரமைப்பு மருத்துவர்)

சகோதரிக்கு வணக்கம். நேரில் பரிசோதிக்காமல் உங்கள் மகளுக்கு இதுதான் சிகிச்சை என்று நான் சொல்வது முறையாகாது. ஆனால் நீங்கள் கவனித்து எழுதியிருக்கும் விவரங்கள் துல்லியமாக இருப்பதால், அவற்றின் பொருளை விளக்க முடியும்.

சரியான கடியில் மேல் பல்வரிசை கீழ் வரிசையைவிடச் சற்று அகன்று, பெட்டியின் மேல் மூடி அமர்வதுபோல் சுற்றிலும் வெளிப்புறமாக அமர வேண்டும். மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களுக்கு 2 முதல் 3 மி.மீ. முன்னால் இருப்பதும், அவற்றின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மறைப்பதும் இயல்பு. இந்த அமைப்பு முன்பின் திசையிலோ, பக்கவாட்டிலோ, மேல்கீழாகவோ பிசகலாம். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட திசைகளில் சேர்ந்தே பிசகியிருக்கும். உங்கள் மகளுக்கு முன்பின் திசையில் முன்தள்ளலும், மேல்கீழ்த் திசையில் ஆழ்கடியும், அதாவது மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களை அளவுக்கு மீறி மறைப்பதும், இருக்கின்றன. அண்ணத்தில் தெரியும் தடங்கள் ஆழ்கடிக்குச் சான்று. மகனுக்கு இருப்பது பக்கவாட்டுக் குறுக்குக் கடி, அதாவது மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாகக் கடிப்பது.

முன்பின் பிசகை இன்றும் நாங்கள் 1899-ல் அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் வகுத்த முறைப்படிதான் குறிப்பிடுகிறோம். ஏறத்தாழ 6 வயதில் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப்பல்தான் அவருக்கு அளவுகோல். மேல் பல்லின் முன்பக்க வெளிக்குமிழ் (மெல்லும் பரப்பில் எழும்பி நிற்கும் மேடு) கீழ்ப்பல்லின் வெளிப்பள்ளத்தில் பொருந்தினால் முதல் வகை. கீழ்ப்பல் அதற்குப் பின்தங்கியிருந்தால் இரண்டாம் வகை. முன்னேறியிருந்தால் மூன்றாம் வகை. கடைவாய்ப்பற்கள் சரியாகப் பொருந்தியிருந்தும் முன்பற்கள் நெருக்கியடித்து நிற்கும் தெத்துப்பல் வரிசைகள் முதல் வகையில்தான் சேரும் என்பதால், முதல் வகை என்றாலே குறையில்லாத வாய் என்று கொள்ளக் கூடாது.

இந்த வகைப்பாட்டின் பெரிய போதாமை, அது பற்களை மட்டுமே பார்க்கிறது என்பதுதான். தலையைப் பக்கவாட்டில் நிலைநிறுத்தி எடுக்கும் எக்ஸ்ரே முறை 1931-ல் வந்த பிறகே, பற்களுக்கு அடியில் இருக்கும் தாடைகளின் நிலையை ஒழுங்காக அளந்து ஒப்பிட முடிந்தது. உங்கள் மகளுக்கு இருக்கும் அதே 8 மி.மீ. இடைவெளி, தாடைகள் இரண்டும் சரியான இடத்தில் இருந்து மேல்பற்கள் மட்டும் முன்னே சாய்ந்ததால் வந்திருக்கலாம். கீழ்த்தாடை குட்டையாகவோ பின்தங்கியோ இருப்பதால் வந்திருக்கலாம். மேல்தாடை முன்னேறியிருப்பதால் வந்திருக்கலாம். அல்லது இவை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கலாம். குறை பல்லில் இருக்கிறதா, எலும்பில் இருக்கிறதா, அந்த எலும்பு இன்னும் வளர்கிறதா என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைதான் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. நீங்கள் பார்த்த இரு மருத்துவர்களும் பிரிவது இந்த இடத்தில்தான் என்று கருதுகிறேன்.

முதலாமவர் வளர்ச்சியைப் பயன்படுத்த நினைக்கிறார். அவர் சொல்லும் சாதனம் அநேகமாக ட்வின் பிளாக் ஆக இருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு அக்ரிலிக் தகடுகள். அவற்றின் சரிவான முகங்கள் ஒன்றோடொன்று உரசுவதால், கீழ்த்தாடையை முன்னே கொண்டுவந்தால்தான் வாயை வசதியாக மூட முடியும். பிள்ளை அதைப் பெரும்பாலும் நாள் முழுவதும், பல இடங்களில் சாப்பிடும்போதும்கூட, அணிந்திருக்க வேண்டும். ஒழுங்காக அணிந்தால் பெரும்பாலும் ஓராண்டுக்குள் முன்பல் இடைவெளி வெகுவாகக் குறையும். ஆனால் பெற்றோர் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்: இந்த மாற்றத்தில் பெரும்பகுதி மேல்பற்கள் பின்னே சாய்வதாலும் கீழ்ப்பற்கள் முன்னே வருவதாலும் கிடைப்பது, தாடை வளர்ச்சியின் பங்கு அதைவிடச் சிறியது. தாடையையே நீட்டிவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் அது மிகைப்படுத்தல்.

இரண்டாமவர் தாடை இருக்கும் நிலையை ஏற்றுக்கொண்டு, எடுத்த பற்களின் இடத்துக்குள் முன்பற்களைப் பின்னிழுத்துக் கடியைப் பொருத்த நினைக்கிறார். அதற்கு வளர்ச்சி தேவையில்லை. அதனால்தான் காத்திருக்கலாம் என்கிறார். தாடை வித்தியாசம் குறைவாகவும் பற்களின் சாய்வு அதிகமாகவும் இருந்தால் அது மிகச் சரியான திட்டம்.

வயதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 8, 9 வயதிலேயே முன்தள்ளலுக்குச் சிகிச்சை தொடங்கிய பிள்ளைகளையும், காத்திருந்து பதின்வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்ட மருத்துவ ஆய்வுகளில், இறுதிக் கடியில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. முன்பற்கள் அடிபடுவது குறைந்ததுதான் முன்கூட்டித் தொடங்கியதன் தெளிவான நன்மை. உங்கள் மகளோ அந்த 8, 9 வயதைக் கடந்துவிட்டாள். பெண் பிள்ளைகளுக்கு உயரம் வேகமாகக் கூடும் காலம் பொதுவாக 12 வயதை ஒட்டி வருகிறது. ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டி. 11 வயதுப் பெண்ணுக்கு அந்தக் காலம் வாசலில் நிற்கிறது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் தெரியும் கழுத்தெலும்புகளின் வடிவத்தைப் பார்த்தே அவள் அந்த வேகத்துக்கு முன் இருக்கிறாளா, கடந்துவிட்டாளா என்பதை மருத்துவரால் கணிக்க முடியும். எனவே இருவரிடமும் கேளுங்கள்: இந்த 8 மி.மீ.யில் தாடையின் பங்கு எவ்வளவு, பல்லின் பங்கு எவ்வளவு, வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

என் சாய்வை மறைக்காமல் சொல்கிறேன். கீழ்த்தாடை பின்தங்கியிருப்பது எக்ஸ்ரேயில் உறுதியானால், நான் காத்திருக்க மாட்டேன். முன்தள்ளல் 3 மி.மீ.யைத் தாண்டிய பிள்ளைகளுக்கு முன்பற்கள் அடிபடும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு. உதடுகள் மூடாமல் பற்கள் வெளியே தெரிந்தால் விழும்போது தாங்க எதுவும் இல்லை. மேலும், நீங்கள் கவனித்த அந்தக் கீழுதடு ஒவ்வொரு முறை பின்னால் போய் அமரும்போதும் மேல்பற்களை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது.

மகன் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: காத்திருக்காதீர்கள். மேல்தாடை குறுகலாக இருக்கும்போது மேல் கீழ் கடைவாய்ப்பற்களின் குமிழ்கள் நுனியோடு நுனி முட்டும். அப்படிக் கடிக்க வசதியில்லாததால் குழந்தை தாடையை ஒரு பக்கமாக நகர்த்திக் கடிக்கப் பழகுகிறது. நீங்கள் பார்க்கும் நகர்வு அதுதான். பால்பற்கள் விழுந்தாலும் குறுகிய தாடை குறுகியதாகவே இருக்கும், அடுத்து வரும் நிலைப்பற்களும் பெரும்பாலும் அதே குறுக்குக் கடியில்தான் வந்து நிற்கும். தாடை ஆண்டுக்கணக்கில் ஒரு பக்கமாகவே நகர்ந்து இயங்கினால், எலும்பும் தசையும் அந்தக் கோணலுக்கு ஏற்ப வளர்ந்துவிடக்கூடும்.

இந்த வயதில் இதைச் சரிசெய்வது எளிது என்பது ஆறுதலான செய்தி. அண்ணத்தின் நடுவே மேல்தாடையின் இரு பாதிகளும் சேரும் பொருத்து, குழந்தைகளுக்கு இன்னும் இறுகாமல் இருக்கும். திருகு பொருத்திய விரிவாக்கியில் ஒரு கால் சுற்றுக்கு வழக்கமாக 0.25 மி.மீ. விரியும்; சாவியைக் கொண்டு பெற்றோரே வீட்டில் திருப்புவார்கள். 7 வயதில் மெதுவாக விரிக்கும் கம்பிச் சாதனமே பல நேரங்களில் போதும். வேகமாக விரிக்கும்போது மேல் முன்பற்களுக்கு நடுவே திடீரென்று ஒரு சந்து தோன்றும். பார்த்துப் பயப்பட வேண்டாம். இரு பாதிகளும் உண்மையாகவே பிரிகின்றன என்பதற்கு அது அடையாளம். பெரும்பாலும் சில மாதங்களில் தானே மூடிக்கொள்ளும். பதின்வயதின் பிற்பகுதியில் அந்தப் பொருத்து பின்னிப் பிணைந்து இறுகிவிடுவதால், பிறகு எலும்பில் பதிக்கும் திருகாணிகளோ அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம். அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் 7 வயதுக்குள் முதல் பரிசோதனையைச் செய்துகொள்ளப் பரிந்துரைப்பதற்கு இத்தகைய குறைகளே முக்கியக் காரணம்.

நீங்கள் கேட்காத திறந்த கடியைப் பற்றியும் ஒரு வார்த்தை: பின்பற்கள் சேர்ந்த பிறகும் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி நின்றால், சிறு பிள்ளைகளிடம் முதலில் விரல் சூப்பும் பழக்கத்தைத்தான் தேடுவோம். நிலை முன்பற்கள் முளைக்கும் காலத்துக்குள் பழக்கம் நின்றுவிட்டால், சாதனம் எதுவும் இல்லாமலே பலருக்குக் கடி மூடிக்கொள்கிறது.

பற்கள் எப்படி நகர்கின்றன என்பதையும் தெரிந்துகொண்டால் சிகிச்சையின் நீளம் புரியும். பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மி.மீ. தடிப்பில் ஒரு நார்த்திசு இருக்கிறது. மெல்லிய விசை தொடர்ந்து பட்டால், அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்களும், இழுவை உள்ள பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்களும் வேலை செய்கின்றன. பல் தன் எலும்புக் குழியோடு சேர்ந்தே இடம் மாறுகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 1 மி.மீ. என்பது நல்ல வேகம். கூடுதலாக அழுத்தினால் வேகம் கூடாது: அந்த இடத்தில் இரத்த ஓட்டம் தடைபட்டுத் திசு செயலிழக்கும், பல் சில வாரங்கள் அசையாமல் நிற்கும், வேரின் நுனி கரையும் அபாயமும் கூடும். தொடக்கத்தில் வளைத்தாலும் மென்மையான விசையோடு பழைய வடிவத்துக்குத் திரும்பும் நிக்கல் டைட்டானியம் கம்பிகளைப் போடுவது இதனால்தான். முழுச் சிகிச்சைக்கு 18 முதல் 24 மாதங்கள் ஆகின்றன என்றால், அது எலும்பு கேட்கும் நேரம்.

மறுமொழி: கடலோரம்

மருத்துவர் ஐயா விளக்கியதற்குப் பிறகு, சிகிச்சை பெற்றவனாக நான் சில நடைமுறைச் செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். முப்பது வயதைக் கடந்த பிறகுதான் ஆழ்கடிக்கும் முன்தள்ளலுக்கும் கிளிப் போட்டுக்கொண்டேன். பெரியவர்களுக்கும் பற்கள் நகரும். ஆனால் ஈறு நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே தொடங்க வேண்டும். என் மருத்துவர் முதலில் ஈறு சிகிச்சைக்குத்தான் அனுப்பினார், அதற்காக அவருக்கு இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன்.

ஆழ்கடி உள்ளவர்களுக்குக் கீழ்ப்பற்களில் பிராக்கெட் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) ஒட்டினால் மேல்பற்கள் அதைக் கடித்துப் பெயர்த்துவிடும். ஆகவே மேல் முன்பற்களின் பின்புறத்தில் பல் நிறத்தில் சிறு மேடுகளை ஒட்டினார்கள். வாயை மூடினால் கீழ் முன்பற்கள் அந்த மேடுகளில் மட்டும் முட்டி நிற்கும். கடைவாய்ப்பற்களுக்கு நடுவே காற்று புகும் அளவுக்கு இடைவெளி தெரியும். மெல்ல முடியவில்லையே என்று முதலில் கலக்கமாக இருக்கும். நாட்கள் செல்லச் செல்லக் கடைவாய்ப்பற்கள் மெதுவாக எழுந்து ஒன்றையொன்று தொடத் தொடங்கும்போதுதான், ஆழ்கடி திறக்கிறது என்பதன் பொருள் விளங்குகிறது. இதை முன்கூட்டிச் சொல்லிவைத்தால் பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள்.

கம்பி மாற்றிய பிறகு முதல் சில நாட்கள் பற்கள் கூசி வலிக்கும், பிறகு தணிந்துவிடும். கன்னத்தில் பிராக்கெட் உராய்ந்தால் அதன் மேல் ஒட்டிக்கொள்ள மெழுகு தருவார்கள். இதைவிடக் கவனம் வேண்டியது ரப்பர் பேண்ட். முன்தள்ளலுக்கு மேல் கோரைப்பல்லிலிருந்து கீழ் கடைவாய்ப்பல்லுக்கு மாட்டுவார்கள். பல் துலக்கும்போது தவிர இரவும் பகலும் மாட்டியிருக்க வேண்டும். கம்பி தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். ரப்பர் பேண்டை மாட்ட வேண்டியவர் நோயாளிதான், அதில் விட்டுவிட்டுச் செய்தால் சிகிச்சை அப்படியே நின்றுவிடுகிறது.

துலக்குவதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். பிராக்கெட்டைச் சுற்றி அழுக்குப் படலம் தங்கினால், எனாமலில் சுண்ணாம்பு போன்ற வெண்புள்ளிகள் உண்டாகும். கிளிப்பைக் கழற்றிய பிறகும் அவை முற்றிலும் மறைவதில்லை. சாதாரண பிரஷ்ஷோடு, கம்பிக்கு அடியில் நுழையும் சிறு கூம்பு பிரஷ்ஷையும் பயன்படுத்துவது அவசியம். ஃபுளோரைடு பற்பசையை விட்டுவிடக் கூடாது.

கிளிப்பைக் கழற்றிய நாளில் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. பல்லைச் சுற்றியுள்ள ஈறு நார்கள் புதிய இடத்துக்குப் பழகப் பல மாதங்கள் ஆகும், அதுவரை அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். அதன் பிறகும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்குவது, கிளிப்பே போடாதவர்களுக்கும் நடக்கும் இயல்பான மாற்றம். எனக்குக் கீழ் முன்பற்களின் உட்புறம் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். மேலே இரவில் ரிடெய்னர் (பற்களை அதே இடத்தில் பிடித்துவைக்கும், கழற்றி மாட்டும் சாதனம்) போடுகிறேன். எத்தனை காலத்துக்கு என்று கேட்டபோது, பற்கள் நேராக இருக்க வேண்டும் என்று விரும்பும் காலம் வரை என்று மருத்துவர் சொன்னார். ஞானப்பல்லை எடுத்துவிட்டால் ரிடெய்னர் தேவையில்லை என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் முன்பற்கள் நெருங்குவதற்கு ஞானப்பல்தான் காரணம் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை.

இடைக்கேள்வி: நீலவானம்

இந்த உரையாடலிலேயே நானும் ஒன்று கேட்கிறேன். என் தம்பிக்கு 17 வயது. கீழ்த்தாடை முன்னே வந்து, கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு வெளியே கடிக்கின்றன. எங்கள் தாத்தாவுக்கும் இதே அமைப்பு. கிளிப் மட்டும் போட்டால் சரியாகுமா? வளர்ச்சி முடிந்த பிறகு தாடை அறுவை சிகிச்சை செய்யலாம் என்று சொன்னதைக் கேட்டு அவன் மிகவும் சோர்ந்திருக்கிறான்.

மறுமொழி: கற்படிகள் (தாடை அறுவை மருத்துவர்)

வணக்கம். நீங்கள் விவரிப்பது ஆங்கிளின் மூன்றாம் வகை. இது குடும்பவழி வருவது நன்கறியப்பட்டது. ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஓவியங்களில் தலைமுறை தலைமுறையாக இந்த முகவாயைப் பார்க்கலாம்.

மேல்தாடை பின்தங்கியதால் வரும் மூன்றாம் வகைக்கு, ஏறத்தாழ 10 வயதுக்கு முன் நெற்றியிலும் முகவாயிலும் தாங்கும் முகச் சட்டத்தை மாட்டி, ரப்பர் விசையால் மேல்தாடையை முன்னிழுக்க முடியும். 17 வயதில் அந்த வாய்ப்பு கடந்துவிட்டது. இனி இருப்பவை இரண்டு வழிகள். தாடை வித்தியாசம் சிறிதாக இருந்து, முக அமைப்பில் தம்பிக்குக் குறை இல்லையென்றால், பற்களை மட்டும் சாய்த்துக் கடியைப் பொருத்தலாம். வித்தியாசம் பெரிதாக இருந்தால், பல்லை எவ்வளவு சாய்த்தாலும் எலும்பின் பிசகு மறையாது. அளவுக்கு மீறிச் சாய்த்தால் கீழ் முன்பற்களின் ஈறு இறங்கிவிடும்.

காத்திருக்கச் சொல்வதன் காரணம், கீழ்த்தாடைதான் முகத்தில் கடைசியாக வளர்ந்து முடிகிறது என்பதே. மூன்றாம் வகை ஆண்களுக்கு அது பதின்வயதைத் தாண்டியும் நீளலாம். ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, மாற்றம் இல்லை என்று தெரிந்த பிறகே தேதி குறிப்போம். அவசரப்பட்டு முன்னதாகச் செய்தால், மீதி வளர்ச்சி கடியை மீண்டும் பிசக வைத்துவிடும்.

அறுவைக்கு முன் பெரும்பாலும் ஓராண்டு அல்லது அதற்கு மேலும் கிளிப் போட்டிருக்க வேண்டும். இந்தக் கட்டத்தைப் பற்றி உங்கள் தம்பிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாடைகளின் பிசகை ஈடுகட்டப் பற்கள் இத்தனை ஆண்டுகளாகத் தாமே சாய்ந்து நிற்கின்றன: மேல்பற்கள் வெளியேயும் கீழ்ப்பற்கள் உள்ளேயும். தாடையை நகர்த்துவதற்கு முன் அவற்றை நிமிர்த்தியாக வேண்டும். அதனால் சில மாதங்களுக்குக் கடி முன்பைவிட மோசமாகத் தெரியும். அதைச் சிகிச்சை தவறிப்போனதாக எண்ணிப் பல இளைஞர்கள் மனம் உடைந்துபோகிறார்கள். திட்டமே அதுதான் என்று தெரிந்தால் தாங்கிக்கொள்ளலாம்.

அறுவையில் வெட்டுகள் பொதுவாக வாய்க்குள்ளேயே இருப்பதால் முகத்தில் பெரும்பாலும் தழும்பு விழுவதில்லை. தேவைக்கேற்ப மேல்தாடையை முன்னே கொண்டுவருவோம், கீழ்த்தாடையைப் பின்னே வைப்போம், அல்லது இரண்டையும் செய்வோம். எலும்பைச் சிறிய டைட்டானியம் தகடுகளால் பொருத்துவதால், முன்காலத்தைப் போலப் பல வாரங்கள் வாயைக் கம்பியால் இறுகக் கட்டிவைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. வீக்கம் முதல் வாரங்களில் அதிகம் இருக்கும். கீழ்த்தாடையில் அறுவை செய்தால் கீழுதடும் முகவாயும் மரத்துப்போவது பலருக்கு உண்டு. பெரும்பாலானோருக்கு மாதங்களில் குறைந்துவிடுகிறது, சிலருக்கு ஓரளவு நிலைத்தும் விடுகிறது. இதைத் தெரிந்துகொண்டுதான் அவர் சம்மதிக்க வேண்டும். முடிவு அவருடையது, செய்யாமல் விடுவதும் ஏற்கத்தக்க முடிவே.

கேள்வியாளர்: செங்காந்தள்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மகனுக்கு விரிவாக்கி வைக்க நேரம் வாங்கிவிட்டேன். மகளைப் பற்றி மூன்று ஐயங்கள் மட்டும் மீதமிருக்கின்றன. பற்களை எடுத்தால் முகம் ஒட்டிப்போகும் என்கிறார்களே, அது உண்மையா? கம்பிக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத அலைனர் போடலாமா? அவள் ஓட்டமும் பந்து விளையாட்டுமாக இருப்பவள். சிகிச்சை தொடங்கும் வரை அந்த முன்பற்களை எப்படிக் காப்பது?

மறுமொழி: வேர்நிலம் (பல் சீரமைப்பு மருத்துவர்)

பல் எடுப்பதைப் பற்றிய விவாதம் எங்கள் துறையின் வயதோடு சேர்ந்தது. எல்லாப் பற்களையும் வைத்துக்கொண்டே சீரமைக்க முடியும் என்று ஆங்கிள் உறுதியாக நம்பினார். அவருடைய மாணவரான சார்லஸ் ட்வீட், பல் எடுக்காமல் தாம் முடித்த சிகிச்சைகள் பல நிலைக்காமல் போனதைக் கண்டு, அதே நோயாளிகளுக்குப் பற்களை எடுத்து மறுபடியும் சிகிச்சை செய்தார். இன்று யாரும் எப்போதும் எடுப்பதுமில்லை, எடுக்கவே கூடாது என்பதுமில்லை. திட்டமிட்டு எடுத்தால் முகம் ஒட்டிப்போவதில்லை. உதடுகள் துருத்தி மூட முடியாமல் இருப்பவர்களுக்கு அது முகத்தை இயல்பாக்குகிறது. ஆனால் கீழ்த்தாடை பின்தங்கிய பிள்ளைக்கு, மேல்பற்களை மட்டும் அதிகமாகப் பின்னிழுத்தால் மேலுதட்டின் ஆதரவு குறையக்கூடும். எனவே இரண்டாவது மருத்துவரிடம், முன்பற்களை எத்தனை மி.மீ. பின்னே கொண்டுவரப் போகிறார், அதனால் பக்கவாட்டு முகத்தோற்றம் எப்படி மாறும் என்று குறிப்பாகக் கேளுங்கள். வளர்ச்சிச் சாதனம் நன்றாக வேலை செய்தால் பல் எடுக்கும் தேவையே இல்லாமல் போகவும் வாய்ப்பு உண்டு.

அலைனர்கள் என்பவை பற்களின் மேல் கழற்றி மாட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தட்டுகள்; 1990-களின் இறுதியில் சந்தைக்கு வந்தவை. ஒவ்வொரு தட்டும் பல்லை ஏறத்தாழ 0.25 மி.மீ. நகர்த்துமாறு வடிவமைக்கப்படுகிறது, நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிந்தால்தான் பயன். லேசான நெருக்கத்துக்கும் சந்துகளுக்கும் மிக நன்றாக வேலை செய்கின்றன. ஆழ்கடியைத் திறப்பதும், வேரோடு சேர்த்துப் பல்லை நகர்த்துவதும், உருண்டையான கோரைப்பல்லைத் திருப்புவதும் அவற்றுக்குக் கடினம். கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் இறக்கைகள் கொண்ட அலைனர்களும் இப்போது உண்டு. ஆயினும் உங்கள் மகளின் ஆழ்கடியை எண்ணினால், முதலில் ட்வின் பிளாக், பின்னர் பிராக்கெட் என்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். கழற்றி வைக்கக்கூடிய எதுவும் அணிபவரின் ஒத்துழைப்பைப் பொறுத்தது என்பதால், அவளையே உட்காரவைத்துப் பேசி அவள் சம்மதத்தோடு தொடங்குங்கள். முதல் சில நாட்கள் பேச்சு குழறும், எச்சில் ஊறும். சத்தமாக வாசிக்கச் சொன்னால் விரைவில் பழகிவிடும்.

விளையாடும்போது வாய்க்காப்பு கட்டாயம் போடுங்கள். ட்வின் பிளாக் வந்த பிறகு, மோதல் நேரக்கூடிய விளையாட்டுகளில் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு வாய்க்காப்பை அணியட்டும். அவளுடைய ஆசிரியர்களுக்கும் தெரியவேண்டிய ஒன்று இருக்கிறது. நிலைப்பல் ஒன்று வேரோடு கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கு ஒட்டியிருந்தால் பால் அல்லது சுத்தமான தண்ணீரில் சில நொடிகள் மட்டும் அலச வேண்டும், தேய்க்கக் கூடாது. உடனே அதே குழியில் பொருத்திச் சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பொருத்த முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. பல் வெளியே உலர்ந்து கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் வேரைச் சுற்றியுள்ள நார்த்திசு இறந்துகொண்டிருக்கும், ஆகவே நேரே பல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். உங்கள் மகனின் பால்பல் ஒன்று இப்படி விழுந்தால் மட்டும் திரும்பப் பொருத்த முயல வேண்டாம். அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லை அது பாதிக்கும்.